குறியிடம்

நுழையும்முன்

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புப் பூண்டவர்கள். சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் தவறாமல் வருவார் என்று கூறி அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் செய்தான். அவ்வாறே பிசிராந்தையாரும் வந்து சேர்ந்தார். காணாத நட்பும் இறுதியில் கூடுவதற்கு ஓர் இடத்தை வேண்டியது. ஒரே நகரத்தில் வாழ்ந்தும், மாலை ஆறு மணியின் போக்குவரத்து நெரிசலைக் கடந்து சந்திக்க இயலாமல் தவிக்கும் இன்றைய நண்பர்கள் தமக்குரிய இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரு நகரம், இரு தோழியர்

பள்ளியில் ஒரே இருக்கையில் அமர்ந்து படித்த தோழியர் இருவரைக் கற்பனை செய்து கொள்வோம். ஒருவர் தாம்பரத்தில் வாழ்கிறார்; அங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றுகிறார். மற்றொருவர் திருவொற்றியூரில் வாழ்கிறார். பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறார். முன்னவரைத் தாம்பரத்துத் தோழி என்றும் பின்னவரை ஒற்றியூர்த் தோழி என்றும் அழைப்போம்.

நெடுநாளைக்குப் பின் இருவரும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் சந்திக்க விரும்பினர். "மேடவாக்கத்தில் நல்ல உணவகம் ஒன்று இருக்கிறது, வண்டி நிறுத்தவும் இடமுண்டு. ஆறேகாலுக்கு வந்துவிடு" என்றார் தாம்பரத்துத் தோழி. அவரிடம் ஸ்கூட்டர் இருந்தது. வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் அவர் அங்குச் சேர்ந்துவிட்டார்.

ஒற்றியூர்த் தோழி ஐந்தரை மணிக்கு அலுவலகத்தை விட்டுப் புறப்பட்டார். கடற்கரை நிலையத்தில் பறக்கும் இரயிலில் ஏறி, வேளச்சேரியில் இறங்கியபோது மணி ஆறரை. அங்கிருந்து பேருந்து. பள்ளிக்கரணையைக் கடப்பதற்குள் அது பலமுறை நின்று நின்று நகர்ந்தது. உணவகத்தை அவர் அடைந்தபோது மணி ஏழேகால். தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்பதிலேயே முதல் ஐந்து நிமிடங்கள் கழிந்தன. வீட்டில் அவருடைய தாய்க்கு இரவு எட்டரை மணிக்குள் உணவும் மருந்தும் தர வேண்டும். அரைமணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு எழுந்தார். வீடு திரும்பியபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. அண்டை வீட்டார்தாம் அன்று தாய்க்கு மருந்து கொடுத்திருந்தனர்.

அடுத்த மாதம் தாம்பரத்துத் தோழி மீண்டும் அழைத்தார். "இந்த வாரம் வேலை மிகுதி, பிறகு பார்க்கலாம்" என்று விடை வந்தது. அதற்கடுத்த மாதமும் அதே விடை. 'அவள் மாறிவிட்டாள்' என்று தாம்பரத்துத் தோழி எண்ணத் தொடங்கினார்.

உண்மையில் எவரும் மாறவில்லை. ஒற்றியூர்த் தோழி தம் இல்லச் சூழலைச் சொல்லத் தயங்கினார்; தாம்பரத்துத் தோழி அதனைக் கேட்க மறந்தார். நகரத்து நட்புகளுள் பல சண்டையால் முறிவதில்லை. வருவதற்கு வழியின்றித் தேய்கின்றன. எனவே, சந்திக்கும் இடத்தைத் தேர்வது சிறு செயல்போலத் தோன்றினும், நட்பைக் காக்கும் செயல்களுள் அதுவும் ஒன்றாகும்.

சாலை ஏன் திணறுகிறது?

வாய்க்கால் குறுகும் இடத்தில் நீர் விரைந்து பாய்கிறது. சாலை குறுகும் இடத்திலோ ஊர்திகள் மெல்ல ஊர்கின்றன. நீர்த்துளிகளுக்கு அச்சமில்லை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. ஊர்தியை ஓட்டுபவரோ முன்செல்லும் ஊர்தியோடு மோதாதிருக்க இடைவெளி விட்டாக வேண்டும். இடைவெளி குறையக் குறைய விரைவையும் குறைக்க வேண்டும். முன்னே ஒருவர் தடைக்கட்டையை அழுத்தினால், பின்னே வருபவர் அதைக் கண்டு சற்று மிகுதியாகவே அழுத்துகிறார். அவருக்குப் பின்னே வருபவர் நின்றே விடுகிறார். இவ்வாறு ஒரு சிறு தயக்கம் பின்னோக்கிப் பரவி நெரிசலாகிறது.

ஒவ்வொரு சாலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அவ்வெல்லை வரை ஊர்திகள் பெருகப் பெருக, ஒரு மணி நேரத்தில் கடந்து செல்வோர் எண்ணிக்கையும் பெருகும். எல்லையைத் தாண்டியபின் நிலைமை தலைகீழாகிறது. மேலும் சில ஊர்திகள் சேர்ந்தாலே அனைவரின் விரைவும் சரிந்து, கடந்து செல்வோர் தொகையும் குறைந்துவிடுகிறது. ஆகவேதான், நெரிசல் தொடங்குவதற்குச் சற்று முன்னர்ப் புறப்பட்டவர் விரைந்து சென்று சேர, சிறிது பிந்திப் புறப்பட்டவர் வழியிலேயே நெடுநேரம் நிற்க நேர்கிறது.

தெரிந்து தெளிவோம்

தடை ஏதுமின்றி நெரிசல் தோன்றுமா? ஜப்பானிய அறிவியலாளர்கள் இதனைச் சோதித்துப் பார்த்தனர். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 மகிழுந்துகளைச் சீரான இடைவெளியில் ஓடச் செய்தனர். பாதையில் சமிக்ஞை இல்லை, குறுக்குச் சாலை இல்லை, பள்ளமும் இல்லை. ஆயினும் சிறிது நேரத்தில் ஊர்திகள் ஓரிடத்தில் குவிந்து நின்றன. அக்குவியல் ஊர்திகளின் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்தது. இச்சோதனையின் முடிவுகள் 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன.

நெரிசலுக்குத் திசையும் உண்டு. காலையில் புறநகரிலிருந்து நகரின் மையத்தை நோக்கியும் மாலையில் மையத்திலிருந்து புறநகரை நோக்கியும் மக்கள் திரள் செல்வது பெருநகரங்களின் பொது இயல்பு. தொழிற்கூடங்கள் இடம் மாறினால் இத்திசையும் மாறும். சென்னையின் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியபின், காலையில் தெற்கு நோக்கிச் செல்லும் திரளும் பெரிதாயிற்று. மாலை நேரத்தில் தாம்பரத்திலிருந்து நகருக்குள் வருபவர் திரளுக்கு எதிர்த்திசையில் பயணம் செய்கிறார். அவருக்கு அமர இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. அதே நேரத்தில் நகரிலிருந்து தாம்பரத்திற்குச் செல்பவர் நிற்பதற்கே இடம் தேட வேண்டியிருக்கும். வழி ஒன்றுதான், தொலைவும் ஒன்றுதான், வருத்தம் மட்டும் ஒன்றன்று.

தொலைவு வேறு, நேரம் வேறு

இடம் தேரும்போது பலரும் வரைபடத்தைத்தான் நோக்குகின்றனர். இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு புள்ளியை வைத்து, 'இதுவே இருவருக்கும் பொது' என்கின்றனர். வரைபடம் தொலைவைக் காட்டும். அத்தொலைவைக் கடக்க ஆகும் நேரம் பாதைக்குப் பாதை, பொழுதுக்குப் பொழுது மாறும்.

தனக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில் ஓடும் தொடர்வண்டியைச் சாலை நெரிசல் தீண்டுவதில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரத் தொடர்வண்டி 1931இல் ஓடத் தொடங்கியது. அவ்வழித்தடத்தை ஒட்டியே நகரம் தெற்கு நோக்கி வளர்ந்தது. பறக்கும் இரயிலின் முதற்பகுதி 1995இல் திறக்கப்பட்டது. 2007இல் அது வேளச்சேரியை எட்டியது. மெட்ரோ தொடர்வண்டி 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதன்முதலாக ஓடியது. 2021இல் வடசென்னையின் விம்கோ நகர் வரை நீண்டது. வழியிலுள்ள திருவொற்றியூரும் அதனால் பயன்பெற்றது.

பேருந்தைவிடத் தொடர்வண்டி எப்போதும் விரைவானது என்பது இதன் பொருளன்று. அதன் சிறப்பு, செல்லும் நேரத்தை முன்கூட்டியே கணிக்க இயல்வதாகும். ஒரு சாலைப்பயணம் இன்று நாற்பது நிமிடத்திலும் நாளை எழுபது நிமிடத்திலும் முடியலாம். தனியே வீடு திரும்புபவருக்கு இவ்வேறுபாடு சலிப்பை மட்டுமே தரும். ஒருவரைச் சந்திக்கச் செல்பவருக்கோ, தாம் காக்க வைக்கப்படுவதும் பிறரைக் காக்க வைப்பதும் இதனால் நேர்கின்றன. குறித்த நேரத்தில் இருவரும் சேர வேண்டுமாயின், விரைவைவிட உறுதியே முதன்மையானது.

மேலும், பயணத்தின் பெரும்பகுதி எளிதாக இருந்தும் அதன் கடைசிப் பகுதி கடினமாக அமைவதுண்டு. ஒற்றியூர்த் தோழிக்கு நேர்ந்தது அதுவே. வேளச்சேரி வரை அவர் நினைத்தபடியே வந்துவிட்டார். நிலையத்திலிருந்து உணவகம் வரை சென்ற சாலைதான் அவருடைய மாலைப்பொழுதை விழுங்கியது. ஆகவே, நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள இடமே நெரிசல் நேரத்துக்கு ஏற்றது. புகழ்பெற்ற உணவகம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பின், நிலையத்துக்கு அருகிலுள்ள எளிய தேநீர்க்கடையே அன்றைக்குச் சிறந்த உணவகம்.

நடு எது?

கடற்கரை – தாம்பரம் வழித்தடத்தில் நண்பர் மூவர் வாழ்வதாகக் கொள்வோம். ஒருவர் எழும்பூரில் இருக்கிறார், இன்னொருவர் கிண்டியில், மூன்றாமவர் தாம்பரத்தில். எழும்பூரிலிருந்து கிண்டி ஆறாவது நிறுத்தம். கிண்டியிலிருந்து தாம்பரம் எட்டாவது நிறுத்தம். மூவரும் எங்கே சந்திக்கலாம்?

மூவரின் பயணத்தையும் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்க வேண்டுமாயின், விடை கிண்டி. ஆறும் எட்டும் சேர்ந்து பதினான்கு நிறுத்தங்கள். வேறு எந்த நிலையத்தைத் தேர்ந்தாலும் இத்தொகை கூடும். ஒரே கோட்டில் உள்ள மூவருள் நடுவில் இருப்பவரின் இடமே மொத்தத் தொலைவைக் குறைக்கும் என்பது கணிதம் காட்டும் உண்மை. ஆனால், கிண்டியில் இருப்பவர் ஒரு நிறுத்தமும் செல்ல வேண்டியதில்லை; தாம்பரத்தவரோ எட்டு நிறுத்தங்களைக் கடக்க வேண்டும்.

அடுத்த நிலையமான பரங்கிமலையைத் தேர்ந்தால் என்ன ஆகும்? எழும்பூர் நண்பருக்கு ஏழு நிறுத்தங்கள். தாம்பரத்து நண்பருக்கும் ஏழு. கிண்டி நண்பருக்கு ஒன்று. மொத்தம் பதினைந்து. கூட்டுத்தொகை ஒன்று கூடியது. ஆயினும், இருகோடியில் இருப்பவர்களின் சுமை சமமாயிற்று. முதல் விடை சிக்கனத்தைக் கருதியது. இரண்டாவது விடை நேர்மையைக் கருதியது. இவற்றுள் எதை ஏற்பது என்பதைக் கணிதம் முடிவு செய்வதில்லை. நண்பர்கள் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மூவர் ஒரே கோட்டில் அமையாமல் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தால், அவர்களின் மொத்தத் தொலைவைக் குறைக்கும் புள்ளி எது? பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இவ்வினாவை எழுப்பினார். இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி விடை கண்டார். முக்கோணத்தின் எல்லாக் கோணங்களும் 120 பாகைக்குக் குறைவாக இருந்தால், அப்புள்ளியிலிருந்து மூன்று முனைகளுக்கும் வரையப்படும் கோடுகள் ஒன்றோடொன்று 120 பாகைக் கோணத்தில் அமையும்.

நிறுத்தங்களின் எண்ணிக்கையைச் சமமாக்கினாலும் சுமை சமமாகிவிடாது. மாலை நேரத்தில் பலரும் புறப்படும் இடம் வீடன்று, பணியிடமோ கல்லூரியோதான். சந்திப்புக்குப்பின் திரும்பிச் செல்லும் வழியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு அருகிலிருப்பது, பேருந்தை நம்பியிருப்பவருக்குத் தொலைவாகலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் வாய்ப்பு 2021 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் ஒருவரை, ஆட்டோ இல்லாமல் சேர இயலாத இடத்துக்கு அழைப்பது அவருடைய பணப்பையின்மீது சுமை ஏற்றுவதாகும். சக்கர நாற்காலியில் வரும் நண்பருக்கு மின்தூக்கி உள்ள நிலையம் பத்து நிமிடம் தொலைவாயினும் அருகிலிருப்பதே; படிக்கட்டு மட்டும் உள்ள நிலையம் வாயிலருகே இருந்தாலும் தொலைவிலிருப்பதே.

ஆகவே, இடத்தைச் சொல்வதற்குமுன் நண்பரிடம் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும்:

1. அந்நேரத்தில் எங்கிருந்து புறப்படுவாய்?
2. எதில் வருவாய்?
3. எத்தனை மணிக்குள் வீடு சேர வேண்டும்?

இம்மூன்றனுள் மூன்றாவது வினாவே பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது. அதுவே மற்ற இரண்டைவிடவும் இன்றியமையாதது.

அகப்பொருள் காட்டும் நெறி

சந்திக்கும் இடத்தைத் தேர்வது பற்றி இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. தலைவனும் தலைவியும் களவுக்காலத்தில் சந்திக்கக் குறிக்கப்படும் இடம் குறியிடம் எனப்பட்டது. பகலில் சந்திக்குமிடம் பகற்குறி; இரவில் சந்திக்குமிடம் இரவுக்குறி. தொல்காப்பியக் களவியல் இவ்விரண்டுக்கும் எல்லை வகுத்துள்ளது. பகற்குறி இல்லத்துக்குப் புறத்தே அமையும். எனினும் அது தலைவி அறிந்து வரக்கூடிய இடமாதல் வேண்டும். இரவுக்குறி மனையின் எல்லைக்குள், இல்லத்தார் பேசும் குரல் கேட்கும் அளவிலேயே அமையும்.

இவ்வரையறையைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். இங்கு எவரும் இருவருடைய ஊர்களுக்கும் நடுப்புள்ளியைத் தேடவில்லை. தலைவிக்குக் காவல் உண்டு. அவளால் நெடுந்தொலைவு வர இயலாது. இரவில் அவளுக்கு இயல்வது சில அடித்தொலைவே. எனவே, எஞ்சிய தொலைவு முழுவதையும் தலைவன் ஏற்றுக்கொண்டான். மலைவழியிலும் காட்டாற்றிலும் யானையும் புலியும் திரியும் இருளிலும் நடந்து வந்தான். குறியிடத்தைத் தேர்ந்து சொல்லும் பொறுப்பைத் தோழி ஏற்றாள். இருவர் நிலையையும் அறிந்தவள் அவளே. தலைவன் வரும் வழியின் துன்பத்தை எண்ணி அவள் அஞ்சியதும் உண்டு. அவ்வச்சத்தைக் கூறித் திருமணத்தை விரைவுபடுத்தத் தூண்டியதும் உண்டு.

இயலாதவரின் எல்லையிலிருந்து இடத்தைத் தொடங்குக. இயன்றவர் எஞ்சிய வழியை நடக்கட்டும். பழைய குறியிட மரபிலிருந்து இன்றைய நண்பர்கள் பெறத்தக்க நெறி இதுவே.

அல்லகுறி நேராதிருக்க

தலைவன் தன் வரவை உணர்த்த நீரில் கல்லெறிவதும் மரத்திலுள்ள பறவைகளை எழுப்புவதும் உண்டு. சில இரவுகளில் காய் தானே உதிர்ந்து நீரில் விழும். பறவைகள் தாமே கலையும். தலைவி அதனைத் தலைவன் செய்த குறியெனக் கருதிச் சென்று, எவரையும் காணாது திரும்புவாள். இதனை அல்லகுறிப்படுதல் என்பர்.

கைப்பேசி வந்தபின்னும் அல்லகுறி மறையவில்லை. "சென்ட்ரலில் நிற்கிறேன்" என்று இருவரும் கூறுவர், ஒருவரையொருவர் காணமாட்டார். அங்கே வெளியூர்த் தொடர்வண்டி நிலையம், புறநகர் நிலையம், மெட்ரோ நிலையம் ஆகியவை அடுத்தடுத்து உள்ளன. எதிர்ப்புறம் பூங்கா நிலையம். "சைதாப்பேட்டை நிலையம்" என்றால் புறநகர் நிலையமும் ஆகலாம். அண்ணா சாலையில் உள்ள மெட்ரோ நிலையமும் ஆகலாம். "மதுரைப் பேருந்து நிலையம்" என்றால் மாட்டுத்தாவணியா, பெரியாரா, ஆரப்பாளையமா என்னும் வினா எழும்.

எனவே, இடத்தின் பெயரோடு அடையாளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எளிதில் மாறாததும், தொலைவிலிருந்தே தெரிவதும், மாலையில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ளதுமே நல்ல அடையாளம். மெரினாவுக்கு வருவோர் உழைப்பாளர் சிலையைச் சொல்வது இதனால்தான். 1959 முதல் அச்சிலை அங்கு நிற்கிறது; அதனை அறியாதார் அரியர்.

பேசி வைக்காமலே இருவர் ஓரிடத்தில் சந்திக்க இயலுமா? அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் இவ்வினாவை நியூ ஹேவன் நகரத்தார் சிலரிடம் எழுப்பினார். நியூயார்க் நகரில் ஒருவரைச் சந்திக்க வேண்டும், இடமும் நேரமும் பேசப்படவில்லை, எங்குச் செல்வீர்? பெரும்பான்மையோர் கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தின் தகவல் மையத்தைக் கூறினர். நேரத்தைக் கேட்டபோது ஏறத்தாழ அனைவரும் நண்பகல் பன்னிரண்டு என்றனர். 'அவர் எதை நினைப்பார்' என்று ஒவ்வொருவரும் மற்றவராக நின்று எண்ணிப் பார்த்ததால் விளைந்த ஒற்றுமை இது. 1960இல் வெளிவந்த நூலில் ஷெல்லிங் இதனை எழுதினார். 2005ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

மீண்டும் தோழியர்

ஒரு நாள் தாம்பரத்துத் தோழி மீண்டும் அழைத்தார். இம்முறை உணவகத்தின் பெயரைச் சொல்லவில்லை. "நீ எத்தனை மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும்?" என்று கேட்டார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் எட்டரை மணி மருந்தைப் பற்றி ஒற்றியூர்த் தோழி முதன்முறையாகக் கூறினார். மேடவாக்கத்திலிருந்து திரும்பிய இரவைப் பற்றியும் கூறினார்.

வரைபடத்தை நோக்கினால், பாரிமுனைக்கும் தாம்பரத்துக்கும் நடுவிடம் கிண்டிக்கு அருகே விழும். ஆனால், தாம்பரத்துத் தோழிக்குப் பள்ளி நாலரை மணிக்கு முடிகிறது; அதன்பின் அவருக்குக் காத்திருக்கும் கடமை ஏதுமில்லை. ஒற்றியூர்த் தோழிக்கோ அலுவலகம் முடிவதற்கும் மருந்து வேளைக்கும் இடையே இருப்பது மூன்று மணி நேரமே. அதில் பயணத்துக்குச் செலவாவது போக எஞ்சியதே அவர்களின் சந்திப்பு. கிண்டியைத் தேர்ந்தால் அவர் வீட்டுக்கு எதிர்த்திசையில் சென்று மீள வேண்டும்.

"சென்ட்ரலுக்கு நானே வருகிறேன்" என்றார் தாம்பரத்துத் தோழி. "ரிப்பன் கட்டடத்தின் முன்வாயிலில் ஆறு மணிக்கு."

1913இல் திறக்கப்பட்ட அவ்வெண்ணிறக் கட்டடம் சென்னை மாநகராட்சியின் தலைமையிடம். உச்சியில் மணிக்கூண்டு உண்டு. மெட்ரோ நிலையமும் பூங்கா நிலையமும் நடக்கும் தொலைவில் உள்ளன. தாம்பரத்துத் தோழி ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு ஐந்து மணித் தொடர்வண்டியில் ஏறினார். திரளுக்கு எதிர்த்திசை ஆதலால் சன்னலோரம் அமர இடம் கிடைத்தது. ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தில் பூங்கா நிலையம் வந்தது. ஒற்றியூர்த் தோழிக்கு உயர்நீதிமன்ற நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம். இருவரும் ஆறு மணிக்குச் சந்தித்தனர். அருகிலிருந்த தேநீர்க்கடைக்கு நடந்து செல்லும்போதே பேச்சுத் தொடங்கிவிட்டது. ஏழரை மணிக்கு ஒற்றியூர்த் தோழி மெட்ரோவில் ஏறினார். எட்டேகாலுக்கு வீட்டில் இருந்தார். தாய்க்கு அவரே மருந்து கொடுத்தார்.

தொலைவின் கணக்கில் இச்சந்திப்பு சமமானதன்று. ஒருவர் பதினைந்து நிறுத்தங்களைக் கடந்தார். மற்றவர் ஒன்றைக் கடந்தார். ஆயினும், அன்று எவரும் தம்மால் இயலாததைச் செய்ய நேரவில்லை. "ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டில் இருப்பாள். அடுத்த முறை நான் தாம்பரம் வருகிறேன்" என்றார் ஒற்றியூர்த் தோழி. ஞாயிறு காலையில் அலுவலக நெரிசல் இல்லை. இடத்தை மாற்ற இயலாதபோது நேரத்தை மாற்றுவதும், ஒரே நாளில் சமமாக்க இயலாத சுமையை முறைவைத்துச் சமமாக்குவதும் அறிவுடைய வழிகளாகும்.

நெரிசலைத் தனியொருவர் நீக்கிவிட முடியாது. சாலைகளும் தொடர்வண்டித் தடங்களும் அரசும் நகரமும் சேர்ந்து உருவாக்க வேண்டியவை. ஆனால், அந்நெரிசலின் சுமை முழுவதும் நண்பர் ஒருவரின் தோள்மீதே விழாமல் காப்பது ஒவ்வொருவர்க்கும் இயலும். அதற்கு வேண்டுவது, இடத்தைச் சொல்வதற்குமுன் கேட்கப்படும் ஒரு வினா மட்டுமே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வகுப்புத் தோழர்கள் மூவர் பள்ளிக்கு வரும் வழி, ஊர்தி, ஆகும் நேரம் ஆகியவற்றைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக. மூவரும் விடுமுறை நாளில் சந்திப்பதற்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்து காரணத்தோடு வகுப்பில் கூறுக.

2. உங்கள் ஊரில் ஒரே பெயரால் வழங்கும் இரண்டு இடங்களையோ நிறுத்தங்களையோ கண்டறிந்து, புதியவர் ஒருவர் குழப்பமின்றி வந்து சேரும் வகையில் வழிக்குறிப்பு எழுதுக.

3. 'சந்திக்கும் இடம் இருவருக்கும் சம தொலைவில் இருப்பதே நேர்மை' என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. குறியிடம் என்றால் என்ன? அதன் வகைகள் யாவை?
2. அல்லகுறிப்படுதல் – விளக்குக.
3. நெரிசல் நேரச் சந்திப்புக்கு விரைவைவிட உறுதியே முதன்மையானது எனக் கூறப்படுவது ஏன்?

சிறுவினா

1. வாய்க்காலில் ஓடும் நீருக்கும் சாலையில் ஓடும் ஊர்திகளுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. கிண்டி, பரங்கிமலை ஆகிய இரு விடைகளுள் நீங்கள் எதை ஏற்பீர்கள்? காரணம் தருக.

நெடுவினா

1. 'இயலாதவரின் எல்லையிலிருந்து இடத்தைத் தொடங்குக' – இந்நெறியை அகப்பொருள் மரபையும் தோழியர் இருவரின் நிகழ்வையும் கொண்டு நிறுவுக.